சீல் உடைப்பு விழா

கிர்கிஸ்தானின் மலையூரான நாரினில் ஒரு பொருள் புதிது என்பதற்கு அத்தாட்சி அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தாள்தான். ஷமிர்பெக் வீட்டுக்குச் சோபா வந்து ஆறு வருடமாகிறது. தாளை இன்னும் உரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும். கோடையில் எழுந்தால் தொடையோடு ஒட்டிக்கொண்டு கூடவே கிளம்பும். மனிதர் மாவட்டக் கலாச்சாரத் துறையின் துணைத் தலைவர். கையில் மைக் இல்லாவிட்டால் சொந்த வீட்டில் உப்பு கேட்கக்கூட அவருக்குத் தடுமாறும்.

அவருடைய தம்பி எர்மெக்கின் மனைவி சைகால். கணவனின் அண்ணன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. வேறு ஏதாவது பெயர் வைத்துக் குறிப்பிடுவார்கள். மற்ற வீட்டு மருமகள்கள் ‘மலை’ என்றும் ‘கழுகு’ என்றும் மரியாதையாக வைத்திருந்தார்கள். சைகால் ‘மைக்’ என்று வைத்திருந்தாள். முகத்துக்கு நேரே மட்டும் பெரியத்தான்.

பஸ் நிலையத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அறை ஷமிர்பெக்குடையது, தொழில் அவளுடையது. பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடப் பிரிவு உபசாரம், கல்யாணம், பரிசு வாங்கிய செம்மறிக் கிடா என்று எல்லோரும் அவள் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். கிடாதான் சொன்ன பேச்சைக் கேட்டது. போன இலையுதிர் காலத்தில் அவள் கேமரா உயிரை விட்டது. தலையில்லாத ஆட்டுக்காகக் குதிரைக்காரர்கள் அடித்துக்கொள்ளும் ஆட்டத்தைக் கோட்டோரமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கோடு மனிதர்களுக்குத்தான், குதிரைகளுக்கு இல்லை. அவள் உருண்டு தப்பித்தாள். கேமரா தப்பவில்லை.

கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பெண்குதிரையை விற்றுவிட்டுத் தலைநகரம் பிஷ்கெக்குக்குப் பஸ் ஏறினாள். கையிலிருந்த பணம் புதிய கேமராவில் பாதிக்குத்தான் காணும். கேமரா கம்பெனியின் சொந்தக் கடையிலிருந்த பெண் இன்னொரு பெட்டியைக் காட்டினாள். சாதாரணப் பழுப்பு அட்டைப் பெட்டி.

“அக்கா, இதை யாரோ வாங்கி, வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. கம்பெனிக்காரங்களே பிரிச்சுப் பாத்து, தேஞ்சதை மாத்தி, சோதிச்சு அனுப்பியிருக்காங்க. உத்தரவாதம் புதுசுக்குக் குடுக்கற மாதிரி நீளமா இருக்காது, ஆறு மாசம்தான். ரெண்டு வாரத்துக்குள்ள புடிக்கலேன்னா கொண்டு வந்து குடுங்க, பணம் வாபஸ்.”

“திருப்பிக் குடுத்தவங்க ஏன் குடுத்தாங்க?”

“அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க அக்கா. ஆனா ஒண்ணு சொல்றேன். சந்தையில விக்கிறானே பழசு, அதுவா இருந்தா நான் வாங்க மாட்டேன். இதுவா இருந்தா வாங்கிட்டு, அந்த ரெண்டு வாரமும் விடாம போட்டு வதைப்பேன்.”

சைகால் வதைத்தாள். மாமியார் புது மருமகளிடம் குறை தேடுவாளே, அந்த ஈடுபாட்டோடு தேடினாள். விடியற்காலை உறைபனியில் ஆற்றங்கரைக்குக் கொண்டு போனாள். சந்தைப் புழுதியில் அலைந்தாள். வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துக் கறுப்புப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தாள். லென்ஸ் மூடியைப் போட்டபடி இருட்டைப் படம் எடுத்து வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தாள். ஓடும் நாயை எடுத்தாள், அதைத் துரத்தும் எர்மெக்கை எடுத்தாள். இரண்டு பேட்டரியையும் சாகும்வரை ஓடவிட்டாள். கடைசியில் அகப்பட்டது அடிப்பக்கத்தில் நகத்தளவு ஒரு கீறல். தன் முழங்காலில் இதைவிடப் பெரிய தழும்பு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதானே மலை ஏறுகிறோம் என்று விட்டுவிட்டாள்.

கேமரா அந்தத் தேர்வில் தேறிவிட்டது. ஷமிர்பெக் வீட்டு விருந்துதான் பாக்கி.

“ஏம்மா, புதுசா வாங்கினியாமே?” சரசரக்கும் சோபாவிலிருந்து அவர் கேட்டார்.

“புதுசு இல்ல பெரியத்தான். கம்பெனியே சரிபாத்துக் குடுத்தது.”

“அப்படின்னா முன்னாடி சரியில்லாம இருந்துச்சு.”

“யாரோ திருப்பிக் குடுத்திருக்காங்க.”

“ஏன் குடுத்தாங்க?”

“தெரியாது.”

“தெரியாதாம்!” அவர் மேசை முழுவதையும் பார்த்துச் சொன்னார். “புருஷன் வீட்டுலேர்ந்து திரும்பி வந்த பொண்ணை, ஏன் வந்தேன்னுகூடக் கேக்காம வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கா!”

அவருடைய மனைவி புர்மாகான் கரண்டியைக் கிண்ணத்தில் ஓசைப்படப் போட்டாள். அவளே முதல் புருஷன் வீட்டை உதறிவிட்டு வந்தவள் என்பது மேசைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ரொட்டியைப் பிய்த்தார்கள்.

“அண்ணே, உங்க கார்கூட ஜப்பான்ல ஓடினதுதானே?” என்றான் எர்மெக், நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு.

“அது ஒரு டாக்டர் ஓட்டினது. கிட்டத்தட்டப் புதுசு.”

அந்தக் காரின் ஸ்டியரிங் நாரின் சாலைக்குத் தப்பான பக்கத்தில் இருந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு ஜப்பானியப் பெண்குரல் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று ஏழு வருடமாக யாருக்கும் தெரியாது. ஷமிர்பெக் மட்டும் ஒவ்வொரு முறையும் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுத் தன் வழியில் போவார்.

கிண்டலடித்தது போதாதென்று அவர் இப்போது தீர்ப்பும் சொன்னார். “பேரனுக்குக் காலுல கட்டின கயித்தை அறுத்து நடக்க விடற விழா வருது. மாவட்டமே வருது. குழந்தை முதல் அடி எடுத்து வைக்கறது ஒரே ஒரு தடவைதான். உன் திரும்பி வந்த கேமரா அன்னிக்கு ஒழுங்கா படம் எடுத்தா நான் வாயைத் தொறக்கல. சொதப்பிச்சுன்னா ஸ்டுடியோவைப் பூட்டிச் சாவியைக் குடு. என் சிமெண்ட் கடைக் கல்லாவுக்கு நம்பிக்கையான ஆள் வேணும்.”

வீட்டுக்கு நடக்கும்போது எர்மெக் தயங்கித் தயங்கிச் சொன்னான். “ரெண்டு வாரம் இன்னும் முடியல சைகால். திருப்பிக் குடுத்துடலாம். குதிரையையாவது மீட்டுக்கலாம்.”

“நீங்க அதுல ஏதாவது குறை பாத்தீங்களா?”

“நான் பாக்கல. அண்ணன்தான்...”

“உங்க அண்ணன் அதைத் தொட்டுக்கூடப் பாக்கல. நான் புழுதியிலயும் பனியிலயும் போட்டுப் புரட்டியிருக்கேன். மைக் சொல்றதை நம்பறதா, என் கையை நம்பறதா?”

அவள் கையைத்தான் நம்பினாள், ஆனாலும் அன்று படுத்த பிறகும் சிமெண்ட் மூட்டை எண்ணும் கல்லா கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஷமிர்பெக்குக்குத் தன் தீர்ப்பின் மீதே நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. பிஷ்கெக் போய்த் தானும் ஒரு கேமரா வாங்கி வந்தார். சுத்தப் புதுசு, விலை அதிகமானது, பெட்டி முழுக்கப் பிளாஸ்டிக் தாள், மேலே சீல். கடைப் பையன், பிரித்துச் சோதித்துத் தருகிறேன் என்றிருக்கிறான். “கல்யாணப் பொண்ணோட முகத்திரையைக் கடையிலயே வெச்சு விலக்குவாங்களாடா?” என்று கேட்டுவிட்டு வந்ததாக அவரே எல்லோரிடமும் சொன்னார்.

அதில் ஒரு கணக்கும் இருந்தது. புதுமணப்பெண்ணோ, பிறந்த குழந்தையோ, வாங்கிய காரோ, முதல் முறையாகப் பார்ப்பவர் ஏதாவது அன்பளிப்புத் தர வேண்டும். ‘கோருமுதூக்’ என்பார்கள். வீட்டில் பிரித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். மாவட்டமே கூடியிருக்கும்போது மேடையில் பிரித்தால்?

ஆற்றை ஒட்டிய புல்வெளியில் விழா. இரண்டு கூடாரம், ஒலிபெருக்கி, ஒரு பெரிய மின்திரை, எட்டிப் பார்த்தால் ஆவி முகத்தில் அடிக்கும் இறைச்சி அண்டாக்கள். குழந்தை பாயேலின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த கம்பளிக் கயிற்றால் கட்டி, அம்மா கம்பளத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிறுவர் சிறுமியர் தூரத்தில் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். ஓடி வந்து கம்பளத்தில் வைத்த கத்தியை முதலில் தொடும் பிள்ளைதான் கட்டை அறுக்கும். அதன் வேகம் குழந்தையின் காலுக்கும் வரும்.

ஷமிர்பெக் மேடை ஏறினார். மணப்பெண்ணைப்போல் வெள்ளைத் துணி போர்த்திய பெட்டி மேசையில் உட்கார்ந்திருந்தது.

“அன்பார்ந்த மக்களே! தொழில்நுட்பமும் பாரம்பரியமும் கைகோக்கும் இந்த வரலாற்றுத் தருணத்தில்...”

வரலாறு அரைமணி நேரம் ஓடியது. துணி விலகியது. ஜனங்கள் வரிசையாக வந்து சட்டைத்துணி, மிட்டாய், கிண்ணம், அந்த ஊர்ப் பணமான சோம் தாள் என்று பெட்டியின் காலடியில் வைத்தார்கள். ஒருவர் ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொண்டு வந்து மேசைக் காலில் கட்டினார். அது பிளாஸ்டிக் தாளின் நுனியை மென்றது. பிறகு சீல் உடைந்தது, கைதட்டல், கேமரா வெளியே வந்தது. அவர் அதைக் கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். குலுக்கினார். பேட்டரியைக் கழற்றி ஊதிப் போட்டார்.

“சார்ஜ் போட்டீங்களா?” என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

“சீல் உடைக்காம எப்படிய்யா சார்ஜ் போடறது?” மைக் அதை ஆற்றுக்கு அக்கரை வரை கொண்டு போனது.

“அப்ப கார்டாவது இருக்கா?”

“எந்தக் கார்டு?”

“படம் போய் உக்காருமே, அந்தக் கார்டு.”

“பெட்டிக்குள்ள இருக்கும்!” ஷமிர்பெக் பெட்டியைக் கவிழ்த்தார். பதினாறு மொழிகளில் ஒரு புத்தகம் விழுந்தது. கார்டு தனியாக வாங்க வேண்டியது என்பது அதில் பதினாறு மொழியிலும் எழுதியிருந்தது. “யாரும் அசையக் கூடாது! சார்ஜ் ஏறட்டும், விழா அப்புறம்!”

வெயில் ஏறியிருந்தது. பாயேல் ‘ஓ’வென்று பிடித்துக்கொண்டான். புர்மாகான் கணவனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பேரனைப் பார்த்தாள். “அட போங்கய்யா, புள்ளைக்கு பேட்டரி ஏறியாச்சு” என்று சொல்லித் தலைத்துண்டை உருவி உயரே வீசினாள். பந்தயம் தொடங்கிவிட்டது.

சைகால் புல்லில் குப்புற விழுந்து படுத்தாள். கண்ணாடிக்குள் முதலில் தெரிந்தது தூசி, பிறகு கால்கள். யாரோ ஒருவர் ஏதோ காரணத்துக்காக இதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தான் தேடிக் காணாத குறை ஒன்று இந்த நிமிடத்துக்காகவே உள்ளே ஒளிந்துகொண்டிருந்தால்? இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை எல்லோரையும் முந்திக்கொண்டு வந்து கத்தியைத் தொட்டது. சைகால் அழுத்தினாள்.

கேமரா சடசடவென்று பொரிந்தது. அண்டாவில் பொரியும் மாவுருண்டைபோல, ஒன்றுகூடத் தவறாமல். கத்தி கயிற்றில் ஏறியது, கயிறு அறுந்தது, அம்மா கையை விட்டாள். பாயேல் அழுகையை நிறுத்தி, தன் கால்களை யாரோ கொடுத்த பரிசைப்போலக் குனிந்து பார்த்தான். ஓர் அடி. தள்ளாட்டம். இன்னோர் அடி. நேராக சைகாலை நோக்கி நடந்து வந்து கேமராவின் மூக்கிலேயே கையை வைத்தான். அவள் அதையும் எடுத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் பாட்டுக்காரரின் கணினியில் கார்டைச் செருகி மின்திரையில் விட்டார்கள். முதல் படத்திலேயே எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அறுந்த கயிறு அந்தரத்தில் நின்றது. கம்பளி இழை இழையாகத் தெரிந்தது. சடைப் பெண்ணின் நெற்றி வியர்வை தெரிந்தது. அடுத்தது முதல் அடி: ஒரு கால் மண்ணில், ஒரு கால் காற்றில், முகம் முழுக்க இரண்டே பல்.

இன்னொன்றும் தெரிந்தது. குழந்தைக்குப் பின்னால், மேடையில், மாவட்டக் கலாச்சாரத் துறையின் துணைத் தலைவர் சார்ஜர் உறையின் தாளைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆட்டுக்குட்டியும் அதே தாளின் மறுமுனையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு முகத்திலும் ஒரே தீவிரம்.

கூடாரக் கம்பு ஆடும்படி சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து, படத்தை மறுபடி போடச் சொல்லி, மறுபடி சிரித்தார்கள். “எங்கே வாங்கினே?” என்று நாலு பேர் சைகாலைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கல்யாணமும் ஒரு அறுபதாம் பிறந்தநாளும் அங்கேயே முடிவாயின. புர்மாகான் எழுந்து வந்து ஒரு பட்டுத் துண்டைக் கேமராவின் பட்டையில் முடிந்தாள்.

“நான் இதை இன்னிக்குத்தான் பாக்கறேன். கோருமுதூக் வாங்கிக்க.”

“இது பழசாச்சே அக்கா!”

“திரும்பி வந்ததுங்களோட அருமை எனக்குத் தெரியும்டி” என்று கணவனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள் புர்மாகான்.

மறுநாள் ஸ்டுடியோ கதவு திறந்தது. ஷமிர்பெக், மைக் இல்லாமல். குரல் பாதிதான் இருந்தது.

“படம் நல்லா வந்திருக்கும்மா. பெரிசா போட்டு ஹால்ல மாட்டணும். அதுல... பின்னாடி இருக்கேனே. என்னையும் ஆட்டையும் மட்டும் எடுத்துட முடியுமா?”

“முடியும் பெரியத்தான். அழிச்சு, ஒட்டி, சரிபண்ணிக் குடுத்துடுவேன். ஆனா அது பழுது பாத்த படமா போயிடுமே. உங்களுக்கு அதெல்லாம் புடிக்காதே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பழுது பாத்ததே குடு” என்றார்.

“கல்லாவுக்கு ஆள்?”

“வேற பாத்துக்கறேன்.”

சைகால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. உங்க புதுசையும் எடுங்க, சார்ஜ் போட்டு வைக்கிறேன்.”

அவர் பையிலிருந்து கேமராவை எடுத்து வைத்தார். திரையின் மேல் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. சைகால் நகத்தைக் கொடுத்து நுனியைக் கிளப்பினாள். ஷமிர்பெக் பதறிக் கையை நீட்டினார், பிறகு தானாகவே கையை இழுத்துக்கொண்டார். அவள் ஒரே இழுப்பில் உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.