பழுப்பு கருக்கும் வரை

கரண்டியில் இருந்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அம்மாவின் கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. குட்டி துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் டம்ளரில் கரண்டியை விட்டாள்.

"போதும், விடு," என்றாள் சித்தி. "தொண்டையிலயே நிக்குது. பொரை ஏறிடப் போவுது."

வயது இருபதைத் தாண்டியும் வீட்டில் அவள் குட்டிதான். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு சமையலும் மருந்தும் அவள் கைக்கு வந்துவிட்டன. அம்மாவின் தங்கையான சித்தி முந்தாநாள்தான் ஒரு பையோடு வந்து இறங்கியிருந்தாள்.

வெளியே இயந்திரத்தின் இரைச்சல் தெருமுனையிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தது. சித்தி ஜன்னல் பக்கம் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"உங்கப்பாவுக்கு ரோடு போட வேற நாளே கெடைக்கலையா?"

"அவரு என்ன பண்ணுவாரு சித்தி? இன்னொரு ரோலர்காரருக்குக் காய்ச்சல். டாக்டரும் ரெண்டு மூணு நாள் ஆகும்னுதானே சொன்னாரு."

"ஆமா, டாக்டரைக் கேட்டுக்கிட்டுத்தான் எல்லாம் நடக்குது." சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஊரு மேடுபள்ளத்தை எல்லாம் சமம் பண்ணுற மனுஷன். வீட்டுப் பள்ளம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது."

அம்மாவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம். உடம்பு நன்றாக இருந்த நாளில் அவளே இப்படித்தான் பேசுவாள். "எனக்கு முன்னாடியே இவருக்கு ஒருத்தி இருந்தா. பத்து டன் எடை. நான் ரெண்டாம் தாரம்."

அப்பா ரோலர் ஓட்டுபவர். வேலை எங்கேயாவது தூரத்துச் சாலையில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் வாடையோடு வருவார், தூங்குவார், போவார். இந்த முறைதான் அதிசயமாகச் சொந்தத் தெருவுக்கே வேலை வந்திருந்தது. காலையில் கிளம்பும்போது அம்மாவின் காதருகே குனிந்தார். "வாசல்லதான் இருப்பேன். கூப்பிட்டா உடனே வந்துடுறேன்." அம்மா தலையை அசைத்தாள்.

நேற்றுச் சாயங்காலம் அவர்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். குட்டியும் கூடப் போயிருந்தாள். தீயில்லை, புகையில்லை, புதுக் கல் லாரியும் வராது. முன்னால் போகும் இயந்திரம் பழைய ரோட்டைச் சுரண்டிப் பொடியாக்கி, தண்ணீரில் கரைத்த தாரை அதில் கலந்து, அதே இடத்தில் பரப்பிக்கொண்டே போகும். பரப்பியது முதலில் பழுப்பாக இருக்கும். அது கருத்த பிறகுதான் ரோலர் ஏற வேண்டும். முந்தினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், பிந்தினால் இறுகி அமுங்காது. "அதுவரைக்கும் யாரும் வாசப்படி இறங்காதீங்க. பழுப்புல ஒரு கால் பட்டாலும் அங்க மழைத்தண்ணி நிக்கும். அப்புறம் அந்த ஒரு குழி தெருவையே தின்னுடும்."

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "பழசை அரைச்சுப் பழைய எடத்துலயே போடுறதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"சரியாப் போட்டாப் புதுசை விட உழைக்கும்," என்றார் அப்பா.

இரைச்சல் வீட்டைத் தாண்டிப் போனது. அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்து அடங்கின. அதன்பிறகுதான் அம்மாவின் மூச்சு குட்டியின் காதில் விழுந்தது. இழுத்தது, நின்றது. நெடுநேரம் கழித்து மறுபடி இழுத்தது.

சித்தி அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுனு ஆயிடுச்சு. போடி, போய் அப்பாவைக் கூட்டிட்டு வா."

குட்டி போனில் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு தரம். எடுக்கவில்லை. வாசலுக்கு ஓடினாள்.

சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகள். பின்வாசல் கிடையாது. படி நேராகத் தெருவில் இறங்கும். இறங்கும் இடத்தில் தெரு இந்த ஓரத்திலிருந்து எதிர் ஓரம்வரை ஈரப் பழுப்பாக, ஒரு சுவடும் இல்லாமல் பரந்து கிடந்தது. நாலைந்து வீடு தள்ளி, அமுக்கி முடித்த கறுப்பு விளிம்பில் ரோலர் நின்றது. மேலே அப்பா.

"அப்பா!"

இயந்திரத்தின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவர் பார்த்தார். அவள் உள்ளே காட்டி, வா வா என்று கையசைத்து, வலது காலைப் படியிலிருந்து கீழே இறக்கினாள். அப்பா சட்டென்று இருக்கையிலிருந்து எழுந்து உள்ளங்கையை நீட்டினார். நில். தரையைக் காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவி, அப்புறம் என்று விரலைச் சுழற்றினார்.

குட்டியின் கால் பழுப்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அவள் அதைப் படிக்கே திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மறுபடி கையசைத்தாள். அவர் வேறு பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ஓரத்தில் கருக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் இன்னும் பழுப்புதான். சீக்கிரம், சீக்கிரம் என்று அதனிடம் சொன்னாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னால் சித்தி வந்து நின்றாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது.

"போயிட்டாடி."

குட்டி திரும்பவில்லை.

"நீ இன்னும் இங்கயேதான் நிக்கிறியா?"

சித்தி படியிறங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் செருப்பு புதைந்து, பிசுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. அப்பா ரோலர் மேலிருந்து கத்தினார். "ஏய்! ஏறு மேல! எத்தனை தரம் சொல்றது!" சித்தி நிற்கவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கத்துவதை நிறுத்தினார்.

இறங்கி வந்தார். சித்தி பதித்த தடங்களிலேயே ஒவ்வொன்றாகக் காலை வைத்து வந்தார். அவசரத்திலும் ஒரு அடி கூட வெளியே படவில்லை. படியில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அம்மாவின் கண்களைச் சித்தி மூடியிருந்தாள். அப்பா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கேட்டாளா என்னை?"

"'எங்க?'ன்னா. வாசல்லதான் இருக்காருன்னேன். 'ஆமா, சத்தம் கேக்குது'ன்னா. அவ்வளவுதான் அத்தான்." சித்தி குட்டியைப் பார்த்தாள். "உன்னை எப்ப அனுப்பினேன்? இவ்வளவு நேரமும் என்னடி பண்ணின?"

"அப்பா கை காட்டினாங்க," என்றாள் குட்டி.

 அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"சோத்துக்குக் கூப்பிடுறேன்னு நெனச்சேம்மா."

 தலையணை ஓரத்தில் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரோடு வேலையின் சூப்பர்வைசர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். உள்ளே வரவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. வானத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்.

அப்பா எழுந்தார்.

"எங்க அத்தான்?" என்றாள் சித்தி.

"கருத்துடுச்சு."

"நல்லா இருக்கு நியாயம். இவ இப்படிக் கெடக்கா, நீங்க..." சித்தியின் குரல் உடைந்தது. அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். குட்டி வாசல்வரை கூடப் போய் நிலைப்படியில் நின்றுகொண்டாள்.

ரோலர் கிளம்பியது. அதில் ஒரு சுவிட்ச் உண்டு. போட்டால் உருளை அதிர்ந்து அடிவரை இறுக்கும். அணைத்தால் வெறும் எடை மட்டும்தான், மேலாக அமுங்கும், அடி இறுகாது. அதிர்வு நான்காவது வீட்டைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டி, சுவர்கள் வழியாக நெருங்கி வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி படபடத்தது.

இவர்கள் வாசலுக்கு வந்ததும் அதிர்வு நின்றது. ரோலர் சத்தம் தணிந்து, ஒரு தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போவதுபோல, மெதுவாகக் கடந்தது. அடுத்த வீட்டுச் சுவர் தொடங்கும் இடத்தில் அதிர்வு மறுபடி பிடித்துக்கொண்டது.

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ரோலர் பின்னோக்கி வந்தது. வாசலில் மறுபடியும் நின்றது அதிர்வு.

"என்னடி அது, வண்டி கெட்டுப்போச்சா?" உள்ளேயிருந்து சித்தி கேட்டாள். "சத்தம் விட்டு விட்டு வருது?"

குட்டி ரோலரையே பார்த்தாள். அப்பா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் முறை ரோலர் வாசலை நெருங்கியபோது அவர் கை சுவிட்சை நோக்கிப் போவதை அவள் பார்த்தாள்.