வாய் நீளம்

“உங்க வீக்னஸ் என்ன?” என்று ஆழ்வார்பேட்டை ஆபீசில் மேனேஜர் ராகவேந்திரன் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் தன் மகனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த வள்ளியூர் அத்தை காபியை உறிஞ்சிக்கொண்டே இதையே கேட்டாள்: “பொண்ணுக்குக் குறை ஏதும் உண்டா?”

அம்மா கூசாமல் சொன்னாள். “ஒரே குறைதான் மதினி. ஒரு இடத்துல உக்கார மாட்டா. ஓயாம வேலை செஞ்சுக்கிட்டே இருப்பா.”

நான் ஃபேனுக்கு அடியில் வாரப்பத்திரிகையோடு கிடப்பவள் என்பது எங்கள் தி. நகர் தெருவுக்கே தெரியும்.

அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த வேலை கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் தையில் வள்ளியூர் மாப்பிள்ளை.

மேற்கு மாம்பலத்து மாடியில் இன்டர்வியூவுக்குக் கோச்சிங் கொடுத்த சந்திரமௌலி சார், இந்தக் கேள்விக்குப் பதிலை மனப்பாடமே செய்யவைத்திருந்தார். ‘வேலையில் இறங்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது, அதுதான் என் வீக்னஸ்.’ அம்மா எந்தக் கோச்சிங்குக்கும் போகாமலே சொன்ன அதே பொய்!

ராகவேந்திரனின் பேனா அதை எழுதத் தயாராக நின்றது. எனக்கு நாக்கு கூசியது.

“எனக்கு வாய் நீளம் சார்” என்றேன். “அநியாயமா யாராவது பேசினா பதில் சொல்லாம இருக்க முடியாது.”

வேலையோ கம்ப்ளெய்ன்ட் போனை எடுப்பது. ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் என்ன திட்டினாலும் ஸாரி சொல்லணும். அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை.

“மார்க் நல்லா இருக்கு, இங்கிலீஷும் நல்லா வருது. மாத்திக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. திங்கட்கிழமையே சேர்ந்துடலாம்.”

ஒரு வார்த்தைதான். எனக்கு அந்த வேலை வேண்டும், வெறியாக வேண்டும். ஆனால் பேச ஆரம்பித்த நாள் முதல் எல்லாரும் இதைத்தானே மாற்றச் சொல்கிறார்கள்? இங்கே மாற்றிக்கொள்வதற்கு வள்ளியூருக்கே போய் மாற்றிக்கொள்ளலாமே!

“மாட்டேன் சார். தப்பு உங்க ஃப்ரிட்ஜுலன்னா நூறு தடவை ஸாரி சொல்வேன். என்னைப் பெத்தவங்களை இழுத்துத் திட்டினா சொல்ல மாட்டேன்.”

“அப்போ கஷ்டம்மா” என்று ஃபைலை மூடினார்.

துணைக்கு வந்த அம்மா வாசலில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி தாரணி, என்ன கேட்டாவ?”

“எனக்கு என்ன குறைன்னு கேட்டாங்க. வாய் நீளம்னு சொன்னேன். வேலை இல்லைன்னுட்டாங்க.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி மட்டை! அதையா போய்ச் சொன்ன? உங்கப்பா இன்னிக்கே எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி வள்ளியூருக்குச் சம்மதம் சொல்லிருவாவளே!”

“போகட்டும். பூத்துக்கு நானும் வரேன். அந்த அத்தை கேட்ட கேள்விக்கு இன்னும் யாருமே உண்மையான பதில் சொல்லலை.”