கண்ணாடிக் கடை வாடிக்கையாளர்கள்

"யாருடா இந்த அறுபத்து மூணு பேரு?"

அக்கா அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலை மறித்து நின்றாள். சார்ஜில் கிடந்தது விடாமல் சிணுங்கியதால் எடுத்துப் பார்த்துவிட்டாள். அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"கடை கஸ்டமருங்கக்கா. குரூப் பேரே அதானே?"

"கண்ணாடி வாங்கினவன் எதுக்குடா உன்னைச் சாப்டீங்களா, தூங்கினீங்களான்னு கேக்குறான்?"

"நல்ல கஸ்டமருங்க."

அக்கா உருகிப் போனாள். "உன் நிச்சயத்துக்கு ஒருத்தர் விடாம கூப்பிடு. பெரிய மண்டபமாத்தான் பேசியிருக்கேன்."

அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள். அவளிடம் முடியாது என்று சொல்ல இதுவரை அவனுக்கு வாய் வந்ததில்லை.

அந்தக் குழு, ஆண்களை விரும்பும் ஆண்களுக்காக அவன் ஆறு வருடமாகக் கட்டிக் காத்தது. அதற்கு முன்னால் முளைத்தவை எதுவும் ஆறு மாதம் தாண்டவில்லை. பொய்ப் பெயரில் எவனாவது நுழைவான், படங்களை எடுத்து மிரட்டுவான், எல்லோரும் பயந்து கலைவார்கள். அவன் ஒரு விதி போட்டான்: சேர விரும்புகிறவர் நேரில் கடைக்கு வந்து கண் பரிசோதனைக்கு உட்கார வேண்டும். இரண்டு ஆண்கள் இருட்டறையில் முகத்தோடு முகம் வைத்து இருபது நிமிடம் பேசினாலும் ஊர் சந்தேகப்படாத இடம் வேறு எங்கே இருக்கிறது? பாவம், பார்வை நன்றாக இருந்தவர்கள்கூட மரியாதைக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கல்யாணம் ஆனவர் வெளியேறிவிட வேண்டும். மனைவி கையில் போன் சிக்கினால் மற்றவர்கள் கதி என்னாவது? இப்படிப் பதினோரு பேர் போயிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், குழு முழுசாக ஒரே இடத்தில் கூடியதே அந்தப் பதினோரு கல்யாணங்களில்தான். அத்தனை ஆண்கள் வேறு எங்கே சேர்ந்தாலும் 'எதுக்கு?' என்று கேட்கிற ஊர், மண்டபத்தில் மட்டும் 'சாப்டாச்சா?' என்று உபசரித்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, வயிறு குலுங்கச் சிரித்து, மணமக்களுக்கு இரண்டு பக்கமும் படத்துக்கு நின்று, ஓர் ஆளைக் குறைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அவன் நிச்சயச் செய்தியைப் போட்டதும் குழு துள்ளிக் குதித்தது.

'தேதி சொல்லுங்கண்ணே! எல்லாரும் பாத்து எவ்ளோ நாளாச்சு!' என்று எழுதினான் ஒரு தபால்காரன். இனிமேல் குழுவை யார் நடத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் பேக்கரிக்காரர் மனைவியோடு கடைக்கு வந்தார். குழுவை விட்டு ஏழாவதாகப் போனவர் அவர்.

"இவரு கண்ணைக் கொஞ்சம் பாருங்க" என்றாள் அவள். "கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு. எதிர்ல உக்காந்தாலும் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குறாரு. பவர் ஏறியிருக்குமோ என்னவோ." சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இருட்டறையில் பேக்கரிக்காரர் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார்.

வெளியே வந்து அவன் உள்ளதைச் சொன்னான். "கண்ணுல குறை ஒண்ணுமில்லம்மா."

"அப்போ எங்கிட்டத்தான் குறையா?"

"உங்ககிட்டயும் இல்லம்மா" என்றான். அதற்கு மேல் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் கல்யாணத்தில் இரண்டு தடவை இனிப்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் அவன். வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்குப் பொண்ணு வேணாம். எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் கல்யாணம் ஆனா சரியாயிடும்டா" என்றாள்.

"ஆகலக்கா. பதினோரு தடவை பாத்துட்டேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. அழுதாள். திட்டினாள். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மண்டபத்துக்காரருக்கு நான் என்னடா சொல்றது?" என்றாள். தம்பியின் வாழ்க்கையை விட அதுதான் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"மண்டபம் இருக்கட்டும்க்கா."

பெண் வீட்டுக்கு அவனே போய் மன்னிப்புக் கேட்டு, வாங்க வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டான். பிறகு குழுவில் எழுதினான்: 'நிச்சயம் இல்லை. நானும் எங்கேயும் போகவில்லை. அதே தேதி, அதே மண்டபம். வாங்க.'

அரை நாள் ஒருவரும் மூச்சு விடவில்லை. கல்யாணம் இல்லாமல் எப்படிக் கூடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் நாற்பது பேர் வந்தார்கள். அக்கா வரவில்லை. ஆனால் மண்டபச் சாவியைக் காலையில் அவன் காபிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவள் பேசி வைத்திருந்த போட்டோக்காரரும் நேரம் தவறாமல் வந்து சேர்ந்தார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் படத்துக்கு நின்றார்கள். பழக்கதோஷம், நடுவில் இரண்டு பேருக்கு இடம் விட்டு நின்றார்கள்.

"பொண்ணு மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க சார்" என்றார் போட்டோக்காரர்.

"இன்னிக்கு யாரும் கிடையாதுங்க" என்றான் அவன். "நெருங்கி நில்லுங்கப்பா."

கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு தோளோடு தோள் இடித்துக்கொண்டு அந்த இடத்தை மூடினார்கள்.