திக்கும் கோடு

"சுவத்துல இருக்கிற என் பேரை எடுத்துடுங்க சார்."

கேட்கவே கூடாது என்று பத்து நிமிடத்துக்கு முன்புதான் அம்மா அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். "சண்டை வேணா போடு. பேரை மட்டும் எடுக்கச் சொல்லிடாதே. ஊர்ச் சுவரெல்லாம் பெயின்ட் அடிச்ச மனுசன் உங்கப்பா, எந்தச் சுவத்துலயாவது அவர் பேரு இருந்துச்சா? இங்கதான் உன் பேருக்கு முன்னாடி அவரோட எழுத்து ஒண்ணு நிக்குது."

அவள் வேலை செய்யும் நிறுவனத்தின் தலைவர் பக்கத்து அறையில் விருந்தாளிகளுக்கான நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எடுத்ததற்கெல்லாம் பொறுமை, பொறுமை என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பொறுமை சார் என்று பெயர்.

"மூணு மணிக்குத் திறப்பு விழாவை வச்சுக்கிட்டு இப்பப் போயா? பொறுமையா இரும்மா."

"அப்போ சுவத்துல ஓடுற என் கோட்டைப் பழையபடி ஆக்குங்க."

இந்தக் கோட்டை வைத்து அப்பா ஒருமுறை அவளைச் சிரிக்க வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் 'கோடு', அதாவது நிரல், எழுதுவதுதான் வேலை என்று அவள் சொன்னதற்கு, "இ... இதுக்கா நாலு வருசப் படிப்பு? நானும் சுவத்துல கோ... கோடுதான் போடுறேன். ஸ்கேலே இல்லாம," என்றார். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு, "அதேதான்பா" என்றுவிட்டாள்.

கடைசியில் அதேதான் ஆனது. இந்தப் புதுக் கட்டடத்தின் கூடத்தில் எட்டுத் திரைகளைச் சேர்த்து ஒரு சுவராக்கியிருந்தார்கள். அவள் எழுதிய நிரல் அதில் நாள் முழுக்க ஒரு வெள்ளைக் கோட்டை வரைந்துகொண்டே இருக்கும். ஒருமுறை வரைந்தது மறுமுறை வராது.

அப்பாவுக்குத் திக்குவாய். போன வருடம் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோனபோது அவள் போனில் மிச்சமிருந்தவை அவர் அனுப்பிய நாற்பத்தொரு குரல் பதிவுகள். சாப்பிட்டியா, பஸ் கெடச்சுதா, மழை பெய்யுதா. அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் அவர் எங்கே நின்றார், எத்தனை தடவை முட்டினார் என்று அளந்து, எண்ணாக்கி, நிரலுக்குள் வைத்தாள். கோடு ஓடும். சட்டென்று நிற்கும். தொடங்கிய இடத்துக்கே போய் மறுபடி வரும், முட்டும். மூன்றாவது தடவை தாண்டிப்போகும்.

இன்று காலை அம்மாவை அழைத்துவந்து, இது அப்பாவின் பேச்சு என்று சொல்லி அதன் முன்னால் நிறுத்தினாள். அம்மா இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா யாருடி இது? கடகடன்னு பேசிட்டுப் போவுதே."

மகள் ஓடிப்போய் நிரலைத் திறந்து பார்த்தாள். பதினாறு வரிகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு குறிப்பு: 'கோடு பின்னால் போய் மறுபடி மறுபடி தொடங்குகிறது. பிழை நீக்கப்பட்டது.'

அந்தக் குறிப்பை எழுதியவர், அவளோடு வேலை செய்பவர், இப்போது கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். யார் நிரலிலும் ஒரு சுருக்கம் இருக்க விடமாட்டார் என்பதால் அவர் எல்லோருக்கும் இஸ்திரி அண்ணன்.

"கட்டடத்துக்காரங்க பாத்துட்டு, மெஷின் சிக்கிக்குதான்னு கேட்டாங்கம்மா. நானும் பிழைன்னுதான் நெனச்சேன். உங்க அப்பா பேச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேல ஒரே ஒரு வரி எழுதி வச்சிருந்தா தொட்டிருப்பனா?"

அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

எழுதாமல் விட்டவள் அவள்தான். கல்லூரியில் சேர்ந்த அன்று, சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "பொண்ணு பேரு?" என்று கேட்டார். அப்பா தொடங்கினார். நின்றார். மறுபடி தொடங்கினார். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மூன்றாவது தடவைக்கு மூச்சு இழுக்கும்போது அவளே குறுக்கே புகுந்து தன் பெயரைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவர் அவளிடம் பேசியதே இல்லை. போனில் பதிவுதான். ஆக, அவரை முதலில் இஸ்திரி போட்டது யார்?

அந்த வெட்கம் இன்னும் விடவில்லை. அதனால்தான் நிரலில் அந்தப் பதினாறு வரிக்கு மேல் 'அப்பா' என்று எழுதக் கை வரவில்லை.

"இதோ பாரும்மா," என்றார் பொறுமை சார். "இதுதான் நல்லா இருக்குன்னு கட்டடத்துக்காரங்க கையெழுத்தே போட்டாச்சு. இப்ப மாத்த முடியாது. வர்றவங்க எல்லாம் ஆகான்னுதான் சொல்லப்போறாங்க. உனக்குத்தானே நல்ல பேரு?"

"எங்க அப்பா திக்காம ஒரு வார்த்தை பேசினதில்ல சார். இது யாரோ. யாரோ பேசுறதுக்கு என் பேரு எதுக்கு?"

"பேரெல்லாம் எடுக்க முடியாது."

"மரியாதைக்குக் கேட்டேன். எடுத்துட்டுத்தான் வந்தேன்."

அடையாள அட்டையைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்தாள். "பொறுமை..." என்று அவர் தொடங்கியது பாதியில் நின்றது. முதல் தடவையாக அவருக்கும் திக்கியது.

கூடத்துத் தூணுக்கு இந்தப் பக்கம் அம்மா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"கேட்டுட்டியா?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். சுவரில் ஒட்டியிருந்த அவள் பெயரின் வெள்ளை எழுத்துகள் நகம் பட்டுச் சுருண்டு கிடந்தன. ஒன்று மட்டும் சுருளாமல் தோலோடு ஒட்டியிருந்தது. அப்பாவின் எழுத்து. அதன் பக்கத்தில் புள்ளி.

அம்மா அதை விரலால் தொட்டாள். "அவரையாவது விட்டுட்டு வந்திருக்கலாமேடி."

"அவர் அங்க இல்லம்மா."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அழுகை முட்டி நின்றது. மறுபடி எடுத்தாள், வரவில்லை. என்ன சொல்ல வருகிறாள் என்று மகளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் குறுக்கே புகவில்லை. பின்னால் சுவரில் அந்தக் கோடு எங்கேயும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"வீ... வீட்டுக்குப் போலாம்," என்றாள் அம்மா.

கையை மூடிக்கொண்டு, தோளால் கண்ணாடிக் கதவைத் தள்ளி, அம்மாவை முன்னால் விட்டு அவள் வெளியே நடந்தாள்.