நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

ஓல்ட் என்னும் ஆற்றின் கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் கார்களுக்கான வயர்களைக் கட்டும் பெண்கள் அறுபது பேர். அவர்களுடைய தோள்வலிக்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் ஸ்மராந்தாவை வரவழைத்திருந்தார்கள். வேலையிடத்தை மனித உடம்புக்குத் தக்கபடி அமைப்பது அவள் படித்த படிப்பு.

மூன்று வாரம் ஒவ்வொருத்தியின் உயரத்தையும் கைநீளத்தையும் அளந்து பெயரோடு எழுதினாள். வயர்களைப் பொருத்திக் கட்டும் பலகைகள் நெட்டையான ஆண்களுக்கென்று செய்யப்பட்டவை. குட்டையான பெண்கள் எட்டு மணி நேரமும் கையைத் தோளுக்கு மேலே தூக்கியே வேலை செய்தார்கள்.

"வலது கையால தலைகூட சீவ முடியல, இன்ஜினியரம்மா. என் வீட்டுக்காரர்தான் சீவி விடறாரு. குதிரைக்குச் சீவுற மாதிரி இழுக்கறாரு!" என்று சிரித்தாள் ஜம்ஃபிரா. பதினோரு வருடமாக அங்கே இருப்பவள்.

'பலகையைப் பதினான்கு சென்டிமீட்டர் இறக்க வேண்டும்' என்று ஸ்மராந்தா அறிக்கை கொடுத்தாள். இயக்குநர் டிராகோமிர் கைகுலுக்கிப் பாராட்டினார்.

மாதக் கடைசியில் பத்தொன்பது பெண்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எல்லோரும் நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்கள்.

ஸ்மராந்தா மூச்சிரைக்க இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"நான் பலகையை மாத்தச் சொன்னேன் சார்!"

"பலகையை மாத்தினா ரெண்டு வாரம் வேலை நிக்கும். ஆளை மாத்த ஒரு நாள் போதும்மா. யாருக்கு வலி வரும்னு நீங்கதான் பேர் பேரா எழுதிக் கொடுத்திருக்கீங்களே."

"அந்தப் பட்டியலைத் திருப்பிக் கொடுங்க."

"அது கம்பெனி சொத்து."

வாசலில் ஜம்ஃபிரா பையோடு நின்றிருந்தாள்.

"உங்க பட்டியல்ல இருந்துதான் என் பேரை எடுத்தாங்களா?"

"ஆமா."

"சிரிச்சிக்கிட்டே வந்து நின்னேனே, அளக்கறதுக்கு." அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்கு ஸ்மராந்தா இரண்டு முறை எழுதினாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது முதலாளியின் விருப்பம் என்று பதில் வந்தது. கூடவே டிராகோமிரிடமிருந்தும் ஒரு கடிதம்: வலிப் புகார் பாதியாகக் குறைந்துவிட்டது, மிக்க நன்றி, அடுத்து எல்லோருடைய கண்பார்வையையும் அளந்து தர முடியுமா?

அவள் போகவில்லை. வேறொருவர் போய் அளந்து கொடுத்தார்.