அடுப்படிக்கு வந்த எல்லை

செவ்வாய்க்கிழமை காலை, எல்லை வடிவின் வீட்டுக்குள் வந்திருந்தது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே சிவப்பும் வெள்ளையும் அடித்த தடுப்புக் கம்பு குறுக்கே கிடந்தது.

வடிவு மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் கால்நடை ஆய்வாளர். மாடுகளின் வாயையும் குளம்பையும் புண்ணாக்கும் கோமாரி எல்லைக்கு அப்பால் பரவியிருந்தது. ஒரு மாதமாக அங்கிருந்து ஒரு கன்றைக்கூட அவள் உள்ளே விடவில்லை. இனி வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். பதிவேட்டை எடுத்துவைத்து, கம்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அவள் கணவன் சுடலைமணி அந்நேரம் கொல்லையில் செவலைப் பசுவைக் கறந்துகொண்டிருந்தான். கொல்லை இப்போது அப்பால். செம்போடு வந்தவன் கம்பில் முட்டி நின்றான்.

"கம்பத் தூக்கு பிள்ள."

"மாட்டத் தொட்டுட்டீங்க. வரக்கூடாது."

"செவல ஒம்பது வருசமா ஒரே முளையிலதான கெடக்கு. எங்க போச்சு?"

"அது போகல. எல்லை வந்துட்டு."

சுடலைமணி யோசித்துப் பார்த்து, ஞாயந்தான் என்றான்.

இருபத்தோரு நாள் காத்திருக்கச் சொல்லி ஒரு படிவம் நீட்டினாள். அவன் இருக்கிறானா என்பது முதல் கேள்வி. அதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். மனைவி போடலாமா என்று கேட்டான். ஆய்வாளர் போடக்கூடாது என்றாள். சாட்சிக்குச் செவலை படிவத்தில் குளம்பைப் பதித்தது.

அடுப்படி நாளுக்கு நாள் நீண்டது. ஐந்தாம் நாள் சுடலைமணி தெருக்கோடியில் நிற்பவன்போலத் தெரிந்தான். பத்தாம் நாள் கட்டைவிரல் உயரம்தான் இருந்தான். செவலை மட்டும் அதே அளவில் தெரிந்தது. வேறு மாடுகளும் வாயில் நுரை ஒழுக அடுப்படியில் வரிசை கட்டின. வடிவு ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். மேலதிகாரி போனில் கூப்பிட்டு, கல்யாணத்துக்குப் போகிற இரண்டு மாடுகளை மட்டும் விடச் சொன்னார். மாட்டேன் என்று வைத்துவிட்டாள். கூடத்து ஜன்னலில் ஊர் மாடுகள் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் நாக்கிலும் கொப்புளம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் செவலைக்கும் நுரை கண்டது. சுடலைமணி தூரத்திலிருந்து சத்தம் போட்டுச் சொன்னான். கன்றாக இருந்தபோது அதற்கு வடிவுதான் புட்டிப்பால் கொடுத்தாள். உப்புத் தண்ணீரில் வாயைக் கழுவி, தேனும் மஞ்சளும் தடவச் சொன்னாள். செவலை தன்னைக் கிட்டவே விடவில்லை என்றான்.

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ."

"நான் அங்க வந்தா, இங்க யாரு இருப்பா?"

செவலைக்கு நோய் கண்டதால் இருபத்தோரு நாளையும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். எண்ணும்போது அழுதாள்.

மறுநாள் காலை எல்லை ஒரு சாண் நகர்ந்திருந்தது. அது வடிவின் இடது தோள் வழியே போனது. இடது கை அப்பால். பதிவேட்டில் அதற்கும் அனுமதி மறுப்பு என்று எழுதினாள். பிறகு அந்தக் கையை நீட்டினாள். அடுப்படியின் நீளத்துக்குக் கையும் நீண்டது. சுடலைமணி அதைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போய், விரலில் மஞ்சளைக் குழைத்து வைத்தான்.

செவலையின் சூடான நாக்கு விரலில் பட்டது. அது முரண்டு பிடிக்கவில்லை. வடிவு கொப்புளம் கொப்புளமாகத் தடவினாள். வலது கையால் கம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்ற மாட்டைத் திரும்பிப் போகச் சொன்னாள்.