மோத்திக்குச் செய்த ரவா உருண்டை

அண்ணன் கோமதிநாயகம் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டராக இருந்தான். மனிதர்களுக்கு மிக்சர் கலப்பவர்கள் மாதுங்காவில் நிறைய. பிராணிகளுக்கென்று தனியாகக் கலக்கத் தெரிந்தவன் அண்ணன்தான். பார்சி வீட்டு நாய்க்குக் கசப்பு ஆகாதென்றால் ஈரல் சாற்றில் கரைப்பான். கிளிக்கு என்றால் கொய்யாப்பழக் கூழில் கலப்பான். கால்நடை டாக்டர் எழுதிய மருந்தை அந்தந்தப் பிராணிக்குப் பிடித்த தீனியில் ஒளித்துவைப்பதில் கெட்டிக்காரன்.

"மச்சான் கையால மருந்து திங்கணும்னா நாயாத்தான் பொறக்கணும்" என்பார் என் கணவர் நம்பிராஜன்.

1964இல் திலக் நகரில் ஒரே அறையில் நாங்கள் மூவரும் மோத்தியும் இருந்தோம். குர்லா ரயில் யார்டிலிருந்து என் கணவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. வீட்டில் மாமிசம் கிடையாது. சாம்பார் சோறு தின்றே வளர்ந்தது.

அந்த மழைக்காலத்தில் மோத்திக்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. தரையில் இழுத்து இழுத்து இடுப்பெல்லாம் புண். அண்ணன் என்னென்னவோ செய்து பார்த்தான். எந்த மருந்தானாலும் முதல் வேளைக்கு முன் சாமி அலமாரியில் முருகன் படத்தின் முன்னால் வைத்துத்தான் எடுப்பான். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு புட்டியோ பொட்டலமோ இருக்கும். மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால், பழத்தை மட்டும் தின்று மாத்திரையைத் துப்ப மோத்தி பழகிவிட்டது.

கடைசியில் டாக்டர், இனித் தூங்கவைத்துவிடுவதே நல்லது என்றார்.

"தூங்கவைக்கதா? கொல்லுததுன்னு சொல்லும் மச்சான்! நான் இருக்கையில நடக்காது."

"வலியில அது அழுதது ஒமக்குக் கேக்கலியா மாப்ளே? ராத்திரி பூரா நீரு டூட்டில இருக்கீரு. நாங்கல்லா கேக்கோம்."

"காதப் பொத்திக்கும்."

அதன் பிறகு அண்ணன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தபோது, அண்ணன் கடைக்குப் போய்விட்டிருந்தான். அம்பர்நாத் தொழிற்சாலையில் இரவு டூட்டி முடிந்து வந்திருந்த கணவர், குளித்து விபூதி பூசிச் சாமி முன் நின்றார். கையில் அலமாரியிலிருந்து எடுத்த ஒரு ரவா உருண்டை, முந்திரி பதித்து, நெய் மினுங்க.

"ஏளா கனகு, என்ன விசேசம்? பிரசாதம்லாம் பலமா இருக்கு."

"எனக்குத் தெரியாதே. அண்ணன் எந்தக் கோயில்லயாவது வாங்கியாந்திருக்கும்."

"கம்பவுண்டரு சாமிக்கே லஞ்சம் குடுக்காரா?" என்று சிரித்துக்கொண்டே இரண்டாகப் பிட்டார். "இந்தா, ஒனக்கு."

"நான் இன்னும் குளிக்கல. பிரசாதத்தத் தொட மாட்டேன். அண்ணனுக்கு இருக்கட்டும்."

மறு பாதியை அலமாரியிலேயே வைத்தார். மென்றபோது அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. "ரவை காறலா இருக்கு" என்றார். ஆனாலும் துப்பவில்லை. பிரசாதமாயிற்றே. விழுங்கி, தண்ணீர் குடித்துப் படுத்தார். மோத்தி இழுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் படுத்தது. இரவு டூட்டிக்காரர் பகலில் அடித்துப்போட்டதுபோல்தான் தூங்குவார். சத்தம் போடாதீர்கள் என்று வெளியே விளையாடிய பிள்ளைகளை விரட்டினேன்.

மதியம் அண்ணன் வந்தான். அந்த நேரத்தில் வருகிறவன் அல்ல. நேரே சாமி அலமாரியைப் பார்த்தான்.

"மோத்திக்கு நீயே குடுத்திட்டியா? யாரு சொன்னா ஒனக்கு? ஏன் பாதிதான் குடுத்த?"

"எத அண்ணே?"

"உருண்டைய."

"அது எதுக்கு மோத்திக்கு? அவுகல்லா சாப்ட்டாக. பாதி ஒனக்குன்னு…"

அண்ணன் பாயில் விழுந்து அவர் இமைகளைத் தூக்கிப் பார்த்தான், கன்னத்தில் அறைந்தான். "மாப்ளே! ஏ மாப்ளே!" அப்போதுதான் கவனித்தேன், குறட்டைச் சத்தம் இல்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

அவரை டாக்சியில் கிடத்தி, மீதிப் பாதியைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு அண்ணன் என்னுடன் ஏறினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம், மருந்தின் பெயரையும் அளவையும் கடையில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னான்.

"இவ்வளவா? யாருக்காகக் கலந்தது?"

"நாய்க்கு."

டாக்டர் தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தார்.

பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அவர் படுத்த பிறகு குளித்தது போயிற்று, மறுபடி குளிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தாள் பிரியும் சத்தம் கேட்டது. அண்ணன் உருண்டையைக் கையில் எடுத்திருந்தான்.

"அத இங்கன குடு அண்ணே."

"நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வருவேன்ளா?"

"நீயும் போயிட்டா நான் யாரோட போவேன்? குடு."

மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினேன். வராந்தாவில் நின்ற போலீஸ்காரரிடம் கொடுத்தேன். "லாடூ?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

அண்ணனிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு பிறகு விட்டுவிட்டார்கள். நாங்கள் வீடு திரும்பியபோது மோத்தி அந்தப் பாயில், அவர் தலை வைத்திருந்த இடத்தில் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் வாலை ஆட்டியது.

அடுத்த மழைக்காலம் வரை அது இருந்தது. புண்ணைக் கழுவியது அண்ணன்தான். எதிலும் ஒளித்துவைக்காமல் மாத்திரையை அப்படியே வாயில் போடுவான். மோத்தி துப்பும். பொறுக்கியெடுத்து மறுபடி போடுவான்.